கட்டுரை எது, குப்பை எது? முழுச் செய்தி ஓடையின் கணக்கு

செய்தித் தளங்கள் புதிய கட்டுரைகளைத் தானாக அனுப்பும் ஆர்எஸ்எஸ் ஓடையில் பெரும்பாலும் தலைப்பும் இரண்டு வரியும்தான் வரும். மீதிக்குத் தளத்துக்கே வா, விளம்பரத்தையும் பார் என்பது அவர்கள் கணக்கு. முழுக் கட்டுரையும் நம் வாசிப்பானுக்குள்ளேயே வேண்டுமென்றால் சொந்த சர்வரில் மினிஃபிளக்ஸ் என்ற ஓடை வாசிப்பானை நிறுவிக்கொள்ளலாம்.

நிறுவுவது பெரிய வேலையில்லை. நிரல்களைத் தனித்தனி உறையில் ஓட்டும் டாக்கரில் இரண்டு கண்டெய்னர் (அந்த உறைகள்): ஒன்றில் மினிஃபிளக்ஸ், இன்னொன்றில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம். தரவுத்தள முகவரி, அட்மின் பெயர், கடவுச்சொல் கொடுத்து ஓடவிட்டால் 8080 போர்ட்டில் பக்கம் திறக்கும். அப்புறம் ஓடையின் அமைப்பில், மூலப் பக்கத்தை எடுத்துவரச் சொல்லும் பெட்டியை டிக் செய்ய வேண்டும்.

சுவாரசியமே இனிமேல்தான். எடுத்துவந்த பக்கத்தில் மெனு, விளம்பரம், 'இதையும் படிங்க' எல்லாம் கலந்து கிடக்கும். கட்டுரை எதுவென்று நிரலுக்கு எப்படித் தெரியும்? 2009-இல் ஆர்க்90 நிறுவனம் வெளியிட்ட 'ரீடபிலிட்டி' இதற்கு ஒரு வழி சொன்னது. ஃபயர்ஃபாக்ஸின் வாசிப்புப் பார்வையும் அதன் வழிவந்ததே; மினிஃபிளக்ஸும் அந்த வழியைத்தான் பின்பற்றுகிறது. பொருள் எதுவும் அதற்குப் புரியாது; மதிப்பெண் மட்டும் போடும். 25 எழுத்துக்குக் குறைந்த பத்தியைக் கண்டுகொள்ளாது. மற்றவற்றில் காற்புள்ளிக்கு ஒன்று, நூறு எழுத்துக்கு ஒன்று, நீளத்துக்கு அதிகபட்சம் மூன்று. பத்தி பெற்ற மதிப்பெண், பக்கத்தின் நிரலில் அதைச் சுற்றியுள்ள பெட்டிக்கு முழுதாகவும், அதற்கு வெளியே உள்ள பெட்டிக்குப் பாதியாகவும் போய்ச் சேரும். பெட்டியின் பெயரில் 'ஆர்ட்டிகிள்' என்றிருந்தால் 25 கூடும், 'சைட்பார்' என்றிருந்தால் 25 குறையும். கடைசியில் இணைப்புகளைப் பார்க்கும்: பெட்டியில் பாதி எழுத்து இணைப்புக்குள் இருந்தால் மதிப்பெண்ணும் பாதியாகிவிடும். மெனுக்கள் தோற்பது இங்கேதான்.

தமிழுக்கு இதில் ஒரு சின்னச் சலுகை உண்டு. ஒருங்குறியில் (யூனிகோடில்) 'கொ' என்ற ஓரெழுத்தே இரண்டு குறியீடு என்பதால் தமிழ்ப் பத்தி நூறைச் சீக்கிரம் தொட்டுவிடும். ஆனால் காற்புள்ளி குறைவாகப் போடும் நடை என்றால் அங்கே கொஞ்சம் இழப்பு.

ஒவ்வொரு பத்தியையும் தனித்தனிப் பெட்டிக்குள் அடைத்து, நடுவில் விளம்பரம் செருகும் தளங்களில் இந்தக் கணக்கு தடுமாறலாம். பாதிக் கட்டுரைதான் வரும். அப்போது ப்ரவுசரில் கட்டுரை இருக்கும் பகுதியை ஆராய்ந்து, வடிவமைப்புக்காக அதற்கு இட்டிருக்கும் சிஎஸ்எஸ் பெயரை ஓடையின் விதியாக எழுதிக்கொடுத்தால் சரியாகிவிடும். எனக்கு மதிப்பெண் போட்டு ஊகிப்பதைவிட இந்த விதிமீதுதான் நம்பிக்கை. என்ன, தளம் வடிவமைப்பை மாற்றினால் விதியையும் மாற்ற வேண்டும்.

கட்டணச் சுவருக்குப் பின்னால் இருப்பதும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகே தெரிவதும் இதற்குக் கிடைக்காது. அந்தத் தளங்களுக்கு டிக்கை எடுத்துவிட்டுச் சுருக்கத்தோடு விட்டுவிடுவது நல்லது.