சாப்பரோன்: செவிலிப் புரதம்

செல்லுக்குள் பிற புரதங்கள் நீண்ட சங்கிலி நிலையிலிருந்து தமக்குரிய வடிவத்துக்குச் சரியாக மடியவும், ஒன்றோடொன்று முறையாகக் கூடவும் உதவிவிட்டு, முடிந்த கட்டமைப்பில் தான் இடம்பெறாமல் விலகிக்கொள்ளும் புரதத்துக்குச் சாப்பரோன் என்று பெயர். வைரஸ்களைப் பற்றிப் படிப்பவர்கள் இச்சொல்லை அடிக்கடி சந்திப்பார்கள். வைரஸ் தன் உறைப் புரதங்களுக்கான மரபுச் செய்தியைச் சுமந்து வருகிறது. அந்தப் புரதங்களை மடித்து உருவாக்கும் வேலைக்குப் பெரும்பாலும் அது புகுந்த செல்லின் சாப்பரோன்களே வேண்டியிருக்கின்றன.

சொல் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தது. அங்கே முதலில் அது தலையையும் தோளையும் மூடும் முக்காட்டைக் குறித்தது. மேலங்கி என்று பொருள்படும் 'ஷாப்' என்பதன் சிறுமை வடிவம் அது. வேர் பிற்கால இலத்தீனின் 'காப்பா'. தொப்பியைக் குறிக்கும் 'கேப்' என்ற ஆங்கிலச் சொல்லும் இதே வேரில் பிறந்ததுதான். ஆங்கிலத்தில் 18ஆம் நூற்றாண்டு வாக்கில், மணமாகாத இளம்பெண் வெளியிடங்களுக்குச் செல்லும்போது காவலாக உடன்செல்லும் மூத்த பெண்ணுக்கு இது பெயராயிற்று. முக்காடு உடலை மறைத்துக் காப்பதுபோல் அவள் பெண்ணைக் காத்தாள். தகாத உறவு ஏற்படாமல் பார்த்துக்கொள்வதே அவள் வேலை.

அறிவியலில் இச்சொல்லை 1978இல் புகுத்தியவர் ரான் லாஸ்கி. கேம்பிரிட்ஜில் அவரும் உடன் பணியாற்றியவர்களும் ஜெனோபஸ் தவளையின் முட்டைகளை ஆராய்ந்தார்கள். டி.என்.ஏ.வையும், அது சுற்றிக்கொள்ளும் ஹிஸ்டோன் புரதங்களையும் செல்லில் உள்ள உப்பு அளவில் நேரடியாகக் கலந்தால், அவை தாறுமாறாக ஒட்டித் திரிந்துவிடும். நியூக்ளியோபிளாஸ்மின் என்ற புரதம் இடையில் இருந்தால் ஹிஸ்டோன்கள் ஒழுங்காக டி.என்.ஏ.வில் அமர்ந்தன, அமர்ந்தபின் நியூக்ளியோபிளாஸ்மின் அங்கே இல்லை. தகாத ஒட்டுதலைத் தடுத்துவிட்டு விலகும் இந்தப் புரதத்தைத்தான் அவர் மூலக்கூறுச் சாப்பரோன் என்றார். 1987இல் வார்விக் பல்கலைக்கழகத்தின் ஜான் எல்லிஸ் இந்தப் பெயரை ஒரு பெரும் புரத வகுப்புக்கே உரியதாக விரித்தார்.

பெயர் பிறப்பதற்கு முன்பே இவ்வகைப் புரதத்துக்கான தடயம் கிடைத்திருந்தது. அதைக் காட்டிக்கொடுத்தவை வைரஸ்கள். 1955இல் ஃபிரேங்கல்-கான்ராட்டும் ராப்லி வில்லியம்ஸும் புகையிலைத் தேமல் வைரஸின் ஆர்.என்.ஏ.வையும் புரதத்தையும் தனித்தனியே பிரித்து, மீண்டும் கலந்து, நோய் உண்டாக்கும் துகள்களைப் பெற்றார்கள். வைரஸ் தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் என்ற எண்ணம் அதனால் வலுப்பெற்றது. ஆனால் அவர்கள் கலந்த புரதம் ஏற்கெனவே செல்லுக்குள் உருவாகி முடிந்த புரதம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

1970களின் தொடக்கத்தில் காஸ்டா ஜார்ஜோபூலஸும் உடன் ஆய்வாளர்களும் வேறு திசையிலிருந்து வந்தார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்கள் வளர முடியாத ஈ.கோலி வகைகளைத் தேடிப் பிடித்தார்கள். அந்தப் பாக்டீரியாவுக்குள் வைரஸ் நுழைந்தது, புரதங்களும் உண்டாயின. தலைப்பகுதி மட்டும் உருவாகவில்லை. டி4 ஃபேஜின் தலைப் புரதம் செல் சவ்வின் ஓரம் கட்டிகட்டியாகத் திரண்டு கிடந்தது. பழுது வைரஸில் இல்லை, பாக்டீரியாவின் ஒரு மரபணுவில் இருந்தது. அதற்கு 'குரோ-ஈ' என்று பெயரிட்டார்கள். 'குரோ' என்பது வளர்ச்சியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கம். இந்தத் தடையைத் தாண்டிய லாம்டா ஃபேஜ்களில் மாற்றம் 'ஈ' என்ற தலைப் புரத மரபணுவில் இருந்ததால் 'ஈ' சேர்ந்தது. பாக்டீரியாவின் மரபணுவுக்கு வைரஸின் தலையை வைத்துப் பெயர் அமைந்துவிட்டது!

பின்னர் அந்த மரபணுப் பகுதி தரும் இரண்டு புரதங்களின் வடிவம் தெளிந்தது. குரோ-ஈ-எல் என்பது ஏழேழு அலகுகள் கொண்ட இரண்டு வளையங்கள் அடுக்கிய, உள்ளே வெற்றிடமுள்ள புரதம். குரோ-ஈ-எஸ் அதற்கு மூடி. மடியாத புரதம் உள்ளே போகும், மூடி அடைபடும், மற்றப் புரதங்களோடு ஒட்டிக்கொள்ளாமல் அது தனிமையில் மடியும். 1988இல் தாவரப் பசுங்கணிகத்தில் உள்ள ஒரு புரதமும் குரோ-ஈ-எல்லும் ஒரே குடும்பம் என்று தெரிந்தபோது, இது பாக்டீரியாவுக்கு மட்டும் உரிய ஏற்பாடு அல்ல என்பது உறுதியானது.

இனி, தமிழில் என்ன சொல்வது? 'துணைப்புரதம்' எளிதாக நாவில் வரும். எச்.ஐ.வி. போன்ற வைரஸ்கள் தாமே உண்டாக்கும் கூடுதல் புரதங்களுக்கு அந்தச் சொல் தேவைப்படுகிறது. அதை அங்கேயே விட்டுவைப்பது நல்லது. 'காவல் புரதம்' என்றால் நோய் எதிர்ப்பு என்ற நினைவு வரும். என் தேர்வு செவிலிப் புரதம். அகப்பாடல்களின் செவிலி தலைவியை வளர்ப்பவள், அவள் மேல் கண் வைத்திருப்பவள். மாற்றம் கண்டால் இற்செறிப்பவள், அதாவது வீட்டுக்குள்ளேயே காவலில் வைப்பவள். மணம் முடிந்தபின் தலைவியின் மனைக்குச் சென்று பார்த்துத் திரும்புகிறாள். அந்த மனையில் அவள் உறுப்பினள் அல்லள். உதவிவிட்டு, முடிந்த கட்டமைப்பில் இடம்பெறாமல் விலகுவது என்று எல்லிஸ் வகுத்த இலக்கணம் அப்படியே பொருந்துகிறது. இன்று செவிலியர் என்றால் மருத்துவமனைப் பணியாளர் என்பது உண்மைதான். 'புரதம்' என்ற சொல் சேர்ந்த தொடரில் அந்தக் குழப்பம் நேராது.

இந்தத் தேர்வில் இன்னொரு வசதியும் உண்டு. 'தோழி தானே செவிலி மகளே' என்கிறது தொல்காப்பியம். குரோ-ஈ-எஸ் போல, சாப்பரோனோடு சேர்ந்து இயங்கும் புரதங்களுக்குத் தோழிப் புரதம் என்று பெயர் சொல்லலாம். டி4 ஃபேஜின் தந்திரம் அப்போது ஒரே வரியில் விளங்கும்: அது செவிலியைத் தான் புகுந்து வாழும் ஓம்புயிரிடமிருந்து எடுத்துக்கொள்கிறது, தோழியைத் தானே கொண்டுவருகிறது. அதன் தலைப் புரதத்தின் மூலக்கூறு நிறை சுமார் 56 கிலோடால்டன். குரோ-ஈ-எஸ் மூடினால் உள்ளே இடம் போதாது. எனவே டி4 தன் 31ஆம் மரபணுவால் வேறொரு மூடியைச் செய்கிறது. அந்த மூடி உள்வெளியைச் சற்று உயர்த்துகிறது, தலைப் புரதம் மடிகிறது.

ஓம்புயிரின் புரதம் எதைக் கண்டாலும் செவிலி என்று அழைத்துவிட முடியாது. எச்.ஐ.வி. துகளுக்குள் சைக்ளோஃபிலின்-ஏ என்ற மனிதப் புரதம் இடம்பிடித்திருப்பது 1990களில் தெரியவந்தது. புரத மடிப்புக்கு உதவும் நொதிதான் அது. ஆயினும் துகளோடு சேர்ந்தே வெளியேறுவதால் அந்த இடத்தில் இந்தப் பெயர் பொருந்தாது. அதே வைரஸ் செல் சவ்விலிருந்து மொட்டுவிட்டுப் பிரிவதற்கு டி.எஸ்.ஜி.101 என்ற புரதத்தை வரவழைப்பதை 2001இல் கண்டறிந்தார்கள். அது சேர்ந்திருக்கும் தொகுதியின் சுருக்கப் பெயர் ஒலிப்பில் 'எஸ்கார்ட்' என்று வரும். அதற்கு வழித்துணைப் புரதங்கள் என்ற பெயரை ஒதுக்கலாம்.

செவிலிப் புரதத்தைச் சார்ந்திருப்பதே மருந்துக்கு வழியாகவும் அமையக்கூடும். 2007இல் வெளியான ஆய்வொன்றில், போலியோ வைரஸின் உறைப் புரதம் மடிவதற்கு மனிதச் செல்லின் எச்.எஸ்.பி.90 என்ற செவிலிப் புரதம் தேவை என்று தெரிந்தது. ஜெல்டனாமைசின் போன்ற மருந்துகளால் அதைத் தடுத்தபோது வைரஸ் பெருகுவது குறைந்தது. வழக்கமாக வைரஸ்கள் மருந்தை எதிர்க்கும் வகைகளை விரைவில் உண்டாக்கிவிடும். அந்தச் சோதனையில் அத்தகைய வகை எதுவும் தோன்றவில்லை.