கிளம்புவதற்கு முந்தைய கால் மணி நேரம்

தூக்கம் சரியில்லை என்று ஆலோசனைக்கு வருகிறவர்களிடம், எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள் என்று கேட்பதற்கு முன்பே, வேலை முடிந்து எப்படிக் கிளம்புகிறீர்கள் என்று கேட்பது என் வழக்கம். பலருக்கு இந்தக் கேள்வியே புரிவதில்லை. "எப்படின்னா... சிஸ்டத்தை ஷட் டவுன் பண்ணிட்டு, பையை எடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதானே மேடம்?" என்பார்கள். கொஞ்சம் விசாரித்தால்தான் தெரியும். கடைசி நிமிடம் வரை ஏதோ ஒரு மெயிலுக்குப் பதில் எழுதிக்கொண்டிருந்து, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வந்திருப்பார். அந்தப் பாதி மெயில் அவரோடு பஸ்ஸில் ஏறும். சாப்பிடும்போது பக்கத்தில் உட்காரும். இரவு ஒன்றரை மணிக்குத் தட்டி எழுப்பும்.

நான் சென்னையில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஐடி கம்பெனி, வங்கி, மருத்துவமனை, பள்ளிக்கூடம் என்று பல இடங்களில் வேலை செய்கிறவர்கள் வருகிறார்கள். சம்பளமும் பதவியும் வேறு வேறாக இருந்தாலும் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான்: "வீட்டுக்கு வந்தாலும் மனசு அங்கேயேதான் இருக்கு." இதற்கு அவர்களே செய்து பார்த்திருக்கும் வைத்தியம், வாசலை மிதித்ததும் ஆபீசை மறந்துவிட வேண்டும் என்று தங்களைக் கட்டாயப்படுத்திக்கொள்வது. அது பலிப்பதில்லை. டேனியல் வெக்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லி, நினைப்பு வரும்போதெல்லாம் மணியடிக்கச் சொன்னார். மணி திரும்பத் திரும்ப அடித்தது. ஆபீசை நினைக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு டிவி முன் உட்கார்ந்திருப்பவருக்கும் இதுதான் நடக்கிறது.

ஆகவே மறந்துவிடுங்கள் என்று நான் யாரிடமும் சொல்வதில்லை. வேலையை விட்டுவிட்டு வருவதும் வேலையில் ஒரு பகுதி, அதை வேலை இடத்திலேயே, வேலை நேரத்திலேயே செய்துவிட வேண்டும் என்றுதான் சொல்கிறேன்.

முடியாத வேலை மனதில் ஏன் இப்படி நிற்கிறது? 1920களில் பெர்லின் பல்கலைக்கழகத்தில் குர்ட் லெவின் என்ற உளவியலாளரிடம் ஆய்வு செய்த இரண்டு பெண்கள் இதைக் கூர்ந்து பார்த்தார்கள். பாதியில் நிறுத்தப்பட்ட வேலைகள் முடித்த வேலைகளைவிட அதிகமாக நினைவில் தங்குகின்றன என்று புளூமா ஜைகார்னிக் 1927இல் எழுதினார். பின்னால் வந்தவர்கள் செய்து பார்த்தபோது இந்த முடிவு எல்லா முறையும் கிடைக்கவில்லை. மரியா ஒவ்சியான்கினா 1928இல் சொன்னது அதைவிட உறுதியாக நிற்கிறது. இடையில் நிறுத்தப்பட்ட வேலையை, யாரும் சொல்லாமலே, மனிதர்கள் மறுபடி கையில் எடுக்கப் பார்க்கிறார்கள் என்பது அவர் கண்டது. இரவுச் சாப்பாட்டை முடித்த கையோடு லேப்டாப்பைத் திறக்கத் தோன்றுகிறதே, அந்த இழுப்புதான் இது.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் முடித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டுமா? எந்த வேலையில் எல்லாம் முடிகிறது? இந்த இடத்தில்தான் எனக்கு மிகவும் பயன்பட்ட ஓர் ஆய்வு வருகிறது. மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இருவர் 2011இல் வெளியிட்டது. முடியாத வேலை மனதைத் தொந்தரவு செய்யாமலிருக்க அதை முடித்தாக வேண்டும் என்பதில்லை. எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று தெளிவாகத் திட்டமிட்டுவிட்டாலே தொந்தரவு குறைகிறது என்று அவர்கள் காட்டினார்கள். 2018இல் அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஸ்கல்லின் குழுவினர் 57 பேரைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் ஐந்து நிமிடம், பாதிப் பேர் அடுத்த சில நாட்களில் செய்ய வேண்டியவற்றை எழுதினார்கள். மீதிப் பேர் செய்து முடித்தவற்றை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்களுக்குத் தூக்கம் இன்னும் சீக்கிரம் வந்தது.

விவரமாக என்பதுதான் முக்கியம். வங்கிக் கிளை ஒன்றில் கடன் பிரிவைப் பார்க்கும் ஒருவர், "நான் தினமும் எழுதறேனே மேடம், ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று டைரியைக் காட்டினார். (இங்கே சொல்கிறவர்களின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.) "லோன் ஃபைல் முடிக்கணும்" என்று நாலு நாளாக ஒரே வரி. அந்த வரியைப் படித்தால் எனக்கே பதற்றம் வந்தது. எந்த ஃபைல், அதில் என்ன பாக்கி, யாரைக் கேட்க வேண்டும், எதுவும் அதில் இல்லை. அதையே நாங்கள் உட்கார்ந்து மாற்றி எழுதினோம்: "நாளை பத்தரைக்கு வக்கீலுக்கு போன், வில்லங்கச் சான்றிதழில் விட்டுப்போன இரண்டு வருடங்களுக்கு என்ன செய்வது என்று கேட்பது, அவர் எடுக்கவில்லை என்றால் பன்னிரண்டு மணிக்கு மேனேஜரிடம் சொல்வது." எடுக்கவில்லை என்றால் என்ன என்பது வரைக்கும் எழுதியதும்தான் அவர் முகம் தெளிந்தது. இரவில் புரளும்போது ஓடுவது பெரும்பாலும் இந்த "அது நடக்கலைன்னா?" என்ற கேள்விதான். அதற்கான பதில் காகிதத்தில் இருக்க வேண்டும்.

இதற்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆறு மணிக்குக் கிளம்புகிறவர் என்றால் ஐந்தே முக்காலுக்கு மேல் புதிதாக எதையும் தொடங்க வேண்டாம், புது மெயிலைத் திறக்கவும் வேண்டாம். பாதியில் நிற்பவை எவை, ஒவ்வொன்றிலும் அடுத்த ஒரே ஓர் அடி என்ன, நாளை காலை முதலில் எதைத் தொடுவது, இவ்வளவுதான். கையால் ஒரு தாளில் எழுதி மேசையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. போனில் எழுதினால், அதைப் பார்க்கப் போய் மற்ற எல்லாவற்றையும் பார்ப்பீர்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்யும் ஒரு நர்ஸ் வந்திருந்தார். வீட்டில் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருக்கும்போது, "ஆறாம் பெட் பேஷன்ட்டுக்கு ஆன்டிபயாடிக் போட்டதைச் சார்ட்டில் எழுதினோமா?" என்று சந்தேகம் வரும். வார்டுக்கு போன் போடுவார். எழுதியிருக்கிறது என்பார்கள். அரை மணி கழித்து, கட்டிலின் பக்கக் கம்பியை ஏற்றிவிட்டோமா என்று இன்னொரு சந்தேகம். இரண்டாவது தடவை கூப்பிடக் கூச்சமாக இருக்கும். கூப்பிடாமலும் இருக்க முடியாது. அவர் சோம்பேறியும் இல்லை, மறதிக்காரரும் இல்லை. பொறுப்பை அவ்வளவு ஆழமாக எடுத்துக்கொள்கிறவர், அதனால்தான் இந்த அவஸ்தை. இப்படிப்பட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கும்.

அவருடைய வேலையில் ஹேண்ட்ஓவர் என்று ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. ஷிஃப்ட் மாறும்போது நோயாளியை அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். ஆனால் கூட்டம் அதிகமான நாட்களில் அது நர்சிங் ஸ்டேஷனில் நின்றபடி அவசர அவசரமாக நடந்துவிடுகிறது. நோயாளியின் விவரம் கைமாறுகிறது, பொறுப்பு கைமாறியதாக இவர் மனதுக்குத் தெரிவதில்லை. அதனால் ஒவ்வொரு கட்டிலாகப் போய், சார்ட்டைக் கண்ணால் பார்த்து, "போட்டாச்சு, எழுதியாச்சு, பத்து மணி டோஸ் பாக்கி" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்கப் பழகினார். ஏற்றுக்கொள்கிறவர் "இனிமே நான் பாத்துக்கறேன் அக்கா" என்று திருப்பிச் சொல்ல வேண்டும் என்றும் இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். அந்த ஒரு வாக்கியம் அவருக்கு மருந்து மாதிரி வேலை செய்தது. போன் போடுவது குறைந்தது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: சரிபார்த்த பிறகும் சந்தேகம் அடங்கவே அடங்காமல், வீட்டுப் பூட்டு, கேஸ் அடுப்பு என்று மற்றவற்றுக்கும் பரவினால் அது வேறு பிரச்சினையாக இருக்கலாம். அதற்கு முறையான சிகிச்சை உண்டு.

எல்லா நினைப்பும் கெடுதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் இதை நீண்ட காலமாக ஆராய்ந்து வரும் மார்க் கிராப்லி, வேலையைப் பற்றி வேலைக்குப் பின் யோசிப்பதில் இரண்டு வகை உண்டு என்கிறார். ஒரு கணக்கு ஆசிரியை பாத்திரம் கழுவிக்கொண்டே, நாளை பின்னத்தைத் தோசையை வெட்டிக் காட்டிச் சொல்லித் தரலாம் என்று யோசிக்கிறார். அதில் அவருக்குச் சந்தோஷம்தான். அதே ஆசிரியை, ஸ்டாஃப் ரூமில் தலைமையாசிரியர் எல்லோர் முன்னாலும் சொன்ன ஒரு சொல்லைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தால் நெஞ்சு படபடக்கும், தூக்கம் போகும். இரண்டாவது வகைதான் உடம்பைத் தின்கிறது. யோசித்து முடித்த பிறகு ஒரு வழி கிடைத்ததா, அல்லது வயிற்றில் அதே பிசைதல்தான் மிச்சமா என்று பாருங்கள். எந்த வகை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

இனி வீடு. அந்தக் காலத்தில் வெளியே போய் வந்தவர்களைக் கை கால் கழுவாமல் உள்ளே விட மாட்டார்கள். வேட்டியோ புடவையோ மாற்றி, ஒரு வாய் காபி குடித்த பிறகுதான் வீட்டுப் பேச்சு. சுத்தத்துக்காக வந்த பழக்கம்தான். ஆனால் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே அது ஒரு கோடு போட்டுக் கொடுத்தது. மின்சார ரயிலில் தாம்பரம் வரை நின்றுகொண்டு வருகிற முக்கால் மணி நேரம்கூட, எவ்வளவு நெரிசலாக இருந்தாலும், ஒரு கோடுதான். 2020க்குப் பிறகு வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இந்தக் கோடு அழிந்துபோனது. அவர்களுக்கு நான் சொல்வது, முடித்ததும் லேப்டாப்பை மூடி அலமாரியில் வையுங்கள், உடை மாற்றுங்கள், தெருக்கோடி வரை நடந்து பால் பாக்கெட் வாங்கிக்கொண்டாவது திரும்பி வாருங்கள். கட்டிலில் உட்கார்ந்து வேலை செய்வதை மட்டும் விட்டுவிடுங்கள்.

பெண்களுக்கு இதைச் சொல்லும்போது எனக்குத் தயக்கம் வரும். ஆபீசிலிருந்து வந்து செருப்பைக் கழற்றியதும் குக்கர் வைக்க வேண்டியவரிடம், மாலையில் உங்களுக்காக ஏதாவது செய்யுங்கள் என்று எப்படிச் சொல்வது? அவருக்கு வேலை முடிவதே இல்லை, இடம்தான் மாறுகிறது. இப்படிப்பட்ட வீடுகளில் நான் கணவரையும் ஒரு நாள் வரச் சொல்வேன். மூச்சுப் பயிற்சியைவிட, இரவுச் சமையலில் பாதி கைமாறுவது பல பெண்களுக்குப் பெரிய நிவாரணம்.

ஆண்கள் சிலர் தேடிக்கொள்ளும் வழி வேறு. "ஒரு குவார்ட்டர் போட்டாத்தான் மேடம் மண்டை அமைதியாகுது." மது சீக்கிரம் தூங்க வைக்கும், உண்மைதான். ஆனால் இரவின் பின்பாதியில் தூக்கத்தைக் கலைக்கும். மூன்று மணிக்கு விழிப்பு வந்து, மறுநாள் களைப்போடு வேலைக்குப் போய், மாலையில் இன்னும் அதிகமாகத் தேவைப்படும். வேலை டென்ஷனுக்கு என்று தொடங்கி, பிறகு டென்ஷன் இல்லாத நாளிலும் நிறுத்த முடியாமல் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து இதை மட்டும் தூக்க மருந்தாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜெர்மனியின் சபீன் சொன்னென்டாக் இந்தத் துறையில் முக்கியமான ஆய்வாளர். வேலையிலிருந்து மீள்வதற்கு ஓய்வு மட்டும் போதாது, வேலையோடு தொடர்பில்லாத ஒன்றைக் கற்றுத் தேறுவதும் உதவுகிறது என்பது அவரும் சார்லட் ஃப்ரிட்ஸும் 2007இல் சொன்னவற்றில் ஒன்று. ஷட்டில், மிருதங்க வகுப்பு, மாடித் தோட்டம், எதுவானாலும் கவனத்தைக் கேட்கிற ஒன்று. ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போது மனம் எளிதாக ஆபீசுக்குப் போய்விடும். ஷட்டில் பந்து முகத்துக்கு நேரே வரும்போது போக முடியாது. அதே சொன்னென்டாக் இன்னொன்றும் சொல்கிறார்: வேலை நெருக்கடி அதிகமான நாட்களில்தான் மீள்வது மிகவும் தேவை, அதே நாட்களில்தான் அது மிகவும் கடினம். அதனால் மாதக் கடைசியில் தொடங்கிப் பார்த்துவிட்டு எனக்கு ஒத்து வரவில்லை என்று விட்டுவிடாதீர்கள். சாதாரண நாட்களில் பழகுங்கள்.

இவ்வளவு செய்தும் சில வாரங்களாகத் தூக்கம் இல்லை, ஞாயிறு மாலையானாலே நெஞ்சு அடைக்கிறது, பிடித்த எதிலும் மனம் போகவில்லை, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறது என்றால், பழக்கத்தை மாற்றிப் பார்க்கும் கட்டம் தாண்டிவிட்டது. மனநல மருத்துவரைப் பாருங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416. எந்த நேரத்திலும் கூப்பிடலாம், கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.

இதுவரை சொன்னதெல்லாம் வேலை செய்கிறவர் கையில் இருப்பது. அவர் கையில் இல்லாதது இரவு பத்தரைக்கு வரும் வாட்ஸ்அப் செய்தி. அலுவலக குரூப்பும் அண்ணன் மகள் போட்டோவும் ஒரே இடத்தில் வருகின்றன. குழந்தையைப் பார்க்கத் திறந்தால் டார்கெட் கண்ணில் படுகிறது. அலுவலக குரூப்புகளை ஆர்க்கைவில் போட்டுவிட்டால் அவை கண்ணில் படாது. முடிந்தால் வேலைக்கு என்று தனி எண் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்க கிளையன்ட்டோடு இரவு ஒன்பதரைக்கு மீட்டிங் இருக்கும் ஐடிக்காரர்களுக்கு இது போதாது. அந்த மீட்டிங் உள்ள நாளில் மறுநாள் காலை தாமதமாக வரலாம் என்பதை மேனேஜரிடம் பேசி, மெயிலில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன்.

பிரான்சில் 2017 ஜனவரி முதல், ஐம்பதும் அதற்கு மேலும் ஊழியர்கள் உள்ள நிறுவனங்கள் வேலை நேரத்துக்கு வெளியே வரும் செய்திகளைப் பற்றி ஊழியர்களோடு பேச வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டில், வேலை நேரத்துக்கு வெளியே நியாயமற்ற முறையில் வரும் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல மறுக்கும் உரிமை நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் மகாராஷ்டிர எம்.பி. சுப்ரியா சுலே 2018 இறுதியில் மக்களவையில் இதற்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார்; அது சட்டமாகவில்லை. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்கிறவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் செய்கிறவர்களைவிடப் பக்கவாத அபாயம் 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார அமைப்பும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021இல் கணக்கிட்டுச் சொல்லியிருக்கின்றன. இரவு மெயிலுக்குச் செலவாகும் நேரத்தை நம் ஊரில் யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆகவே இதைப் படிக்கும் மேனேஜர்களிடமும் தலைமையாசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். இரவில் ஒரு விஷயம் ஞாபகம் வந்தால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மெயில் என்றால் காலை ஒன்பது மணிக்குப் போகும்படி நேரம் குறித்து விடுங்கள். "அவசரமில்லை, நாளைக்குப் பார்த்தால் போதும்" என்று சேர்த்து அனுப்பினாலும், அதைப் படித்தவர் அன்றைக்கு இரவே யோசிக்கத் தொடங்கிவிடுவார். உண்மையிலேயே அவசரம் என்றால் போன் செய்யுங்கள். அவசரத்துக்கு மட்டும்தான் போன் வரும் என்று தெரிந்துவிட்டால், உங்கள் குழுவில் இருப்பவர்கள் வாட்ஸ்அப்பை அடிக்கடி எடுத்துப் பார்க்க வேண்டிய தேவை இருக்காது.