முதல் ஆமையை யாரிடம் வாங்குவது? வன்னிப் பெற்றோருக்கு ஒரு கால்நடை வைத்தியர் எழுதுவது

வன்னியில் கால்நடை வைத்தியராக வேலை செய்பவருக்கு வரும் கேள்விகள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழி பற்றியவைதான். கொஞ்சக் காலமாக இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது: "டொக்டர், சின்னவன் ஆமை வேணுமெண்டு நிக்கிறான். எங்க வாங்கினா நல்லது?" ஆமையென்றால் சத்தமில்லை, செலவில்லை, ஒரு கண்ணாடித் தொட்டியில் கிடக்கும் என்று நினைத்துத்தான் பல பெற்றோர் சம்மதிக்கிறார்கள்.

வாங்குவதற்கு முன் கேட்கிறார்களே, அதுவே எனக்குப் பெரிய சந்தோசம். கேட்காமல் வாங்கியவர்கள் சில மாதம் கழித்து, கண் வீங்கி மூடிய, ஓடு மெத்தென்று ஆகிவிட்ட குஞ்சை ஐஸ்கிரீம் பெட்டியில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த நிலையில் வைத்தியம் செய்து பிழைக்க வைப்பது கடினம். பக்கத்தில் பிள்ளை நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கே வாங்குவது என்பதற்கு முன்னால், எதை வாங்கவே கூடாது என்று தெரிய வேண்டும். மாரி தொடங்கியதும் வயல் வரம்புகளிலும் ஏ9 வீதியிலும் ஆமைகள் குறுக்கே போவதைப் பார்த்திருப்பீர்கள். கால்களை உள்ளே இழுத்துக்கொண்டு அடியிலுள்ள தோல் மடிப்பால் மூடிக்கொள்வது பாலாமை. ஓட்டில் நீளவாக்கில் மூன்று மேடுகள் ஓட, கறுப்பாகக் குளங்களிலும் வாய்க்கால்களிலும் இருப்பது கறுப்பு ஆமை. மன்னார்ப் பக்கத்துப் பற்றைக்காடுகளில், ஓட்டில் மஞ்சள் கதிர்கள் விரிந்திருக்கும் நட்சத்திர ஆமை நடமாடும். இவற்றோடு கடலாமைகளும் இருக்கின்றன. இலங்கைக் கரைகளில் ஐந்து இனக் கடலாமைகள் முட்டையிடுகின்றன. இவை எல்லாமே 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. பிடித்தாலும் குற்றம், விற்றாலும் குற்றம், வீட்டில் வைத்திருந்தாலும் குற்றம்.

"வீதியில அடிபடப் பாத்துது டொக்டர், பாவமெண்டு கொண்டந்தனாங்கள்" என்று சொல்பவர்களின் மனதை நான் மதிக்கிறேன். அப்படிப் பார்த்தால், அது எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கத்து ஓரத்தில் தூக்கி விட்டுவிடுங்கள். அதற்கு நீங்கள் செய்யும் முழு உதவியும் அதுதான். வந்த பக்கமே திருப்பி விட்டால் அது மறுபடியும் வீதிக்குத்தான் ஏறும்.

நட்சத்திர ஆமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அழகாக இருப்பதால் அதைத் தேடிக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மன்னார்க் கடல் வழியாக அதைக் கடத்துவோரும் இருக்கிறார்கள். காட்டு உயிரினங்களை நாடு விட்டு நாடு விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் என்ற சர்வதேச உடன்படிக்கையின் முதலாம் பட்டியலுக்கு 2019இல் அது உயர்த்தப்பட்டது. காட்டில் பிடித்த நட்சத்திர ஆமையை நாடு விட்டு நாடு வியாபாரத்துக்குக் கொண்டுபோக இனி வழியே இல்லை. "பண்ணையில வளத்தது, பேப்பர் இருக்கு" என்று தொலைபேசியில் படம் அனுப்புகிறவரிடம் மேற்கொண்டு பேச்சு வைக்காதீர்கள். விலை குறைத்தாலும் சரி, இலவசமாகத் தந்தாலும் சரி.

அப்படியென்றால் கடைகளில் இருப்பது என்ன? வண்ண மீன் விற்கும் கடைகளில் பச்சை ஓடும், காதுப் பக்கத்தில் சிவப்புக் கோடுமாக நீந்துகிறதே, அது சிவப்புக் காது ஆமை. அதன் சொந்த ஊர் அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் பள்ளத்தாக்கு. அங்கே லூசியானா மாநிலத்துப் பண்ணைகளில் பொரிக்க வைத்து உலகமெல்லாம் அனுப்பினார்கள். இப்போது ஆசியாவிலும் வளர்க்கிறார்கள். கடையில் பார்க்கும்போது தீப்பெட்டி அளவுதான் இருக்கும். "இவ்வளவுதான் அண்ணை வளரும்" என்று சொல்லும் கடைக்காரர் ஒன்றில் தெரியாமல் சொல்கிறார், அல்லது தெரிந்தே ஏமாற்றுகிறார். பெண் ஆமை 25 சென்ரிமீற்றரைத் தாண்டி வளரும். நல்ல பராமரிப்பில் 30 ஆண்டுகள் வாழக்கூடியது. இப்போது ஐந்தாம் ஆண்டு படிக்கும் பிள்ளை ஏஎல் முடித்து, கம்பஸ் போய், வேலைக்கும் போய், திருமணம் செய்த பிறகும் அந்த ஆமை இருக்கும். நம் ஊரில் பிள்ளைகள் கொழும்புக்கோ கனடாவுக்கோ போன பிறகு அதற்குத் தண்ணீர் மாற்றப்போவது அம்மாவும் அப்பாவும்தான்.

இங்கேதான் நான் மிகவும் பயப்படும் விஷயம் வருகிறது. வளர்ந்துவிட்டது, தண்ணீர் மணக்கிறது, தொட்டி போதவில்லை என்றதும் ஒரு நாள் மாலை பக்கத்துக் குளத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். விட்டவர் மனதில் அது விடுதலை. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் வல்லுநர்கள் தொகுத்த, உலகில் மிக மோசமாக ஆக்கிரமிக்கும் 100 அந்நிய உயிரினங்களின் பட்டியலில் சிவப்புக் காது ஆமையும் இருக்கிறது. வெயில் காயும் மரக்கட்டையையும் உணவையும் நம் ஊர் ஆமைகளிடமிருந்து பறித்துக்கொள்ளும், நோயையும் பரப்பும். ஐரோப்பிய ஒன்றியம் 1997இலேயே அதன் இறக்குமதியை நிறுத்திவிட்டது. நமக்கோ வெள்ளம் வேறு இருக்கிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் தண்ணீரில் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வளவில் திறந்த தொட்டியில் இருக்கும் ஆமைக்கு அப்படியொரு இரவு போதும். யாரும் கொண்டுபோய் விடத் தேவையில்லை, அதுவே வாய்க்காலில் இறங்கிக் குளத்துக்குப் போய்விடும். ஒரு குளம் வழிந்தால் தண்ணீர் அடுத்த குளத்துக்குப் போகும் நிலம் இது.

ஆகவே நம்பகமான விற்பனையாளர் யார் என்று கேட்டால் நான் சொல்லும் அளவுகோல் ஒன்றுதான்: விற்ற பிறகும் அந்த ஆமைக்குப் பொறுப்பு ஏற்பவர். "வளர்க்க முடியாமல் போனால் திருப்பி எடுப்பீர்களா?" என்று கேளுங்கள். காசைத் திருப்பித் தரத் தேவையில்லை, ஆமையை எடுத்தால் போதும். எடுப்பேன் என்று சொல்லி, வாங்கின சிட்டையில் இனத்தின் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறவரிடம் மேற்கொண்டு பேசலாம். சிரித்து மழுப்புகிறவரின் கடை எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். நடமாடும் வியாபாரி, திருவிழாக் கடை, முகநூலில் விற்று மறுநாள் கணக்கையே மூடுகிறவர், இவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது. அதனால் அவர்களிடம் வாங்கவும் கூடாது.

இன்னும் சில கேள்விகள் இருக்கின்றன. எங்கே பொரித்தது, எப்போது வந்தது, என்ன சாப்பிடுகிறது, முழுதாக வளர்ந்தால் எவ்வளவு பெரிது? நேர்மையானவர் கடைசிக் கேள்விக்குக் கையை விரித்துக் காட்டுவார். நல்ல விற்பனையாளர் உங்களையும் கேள்வி கேட்பார். தொட்டி எவ்வளவு பெரிது, வெயில் படுமா, வீட்டில் கைக்குழந்தை உண்டா என்றெல்லாம் விசாரிப்பவர் கொஞ்சம் தொல்லையாகத் தெரியலாம், ஆனால் நீங்கள் தேடும் ஆள் அவர்தான். இறக்குமதி பற்றிய விதிகள் மாறக்கூடியவை. பணம் கொடுப்பதற்கு முன் உங்கள் மாவட்டத்து வனஜீவராசிகள் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆமையைப் பார்க்கும் முன் அது இருக்கும் தொட்டியைப் பாருங்கள். ஏறி உடம்பைக் காயவைக்க ஓர் உலர்ந்த இடம் இருக்கிறதா? தண்ணீர் நாறுகிறதா? ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கின்றனவா? ஓட்டில் நிறம் பூசி விற்கிறார்களா? பூசியிருந்தால் அந்தக் கடையே வேண்டாம். பிறகு குஞ்சைப் பாருங்கள். கண் இரண்டும் திறந்து தெளிவாக இருக்க வேண்டும். மூக்கில் நீர்க்குமிழி வரக்கூடாது. ஒரு பக்கம் சரிந்து மிதந்தால் பெரும்பாலும் சுவாசப்பைக்குள் நோய் புகுந்திருக்கும். கையில் எடுத்தால் கால்களை உதைத்துத் திமிற வேண்டும், அளவுக்கேற்ற பாரமும் தெரிய வேண்டும். உங்கள் கண் முன்னாலேயே தீனி போடச் சொல்லுங்கள். இது மிக முக்கியம், ஏனென்றால் ஆமை மெதுவாகவே சாகும். பல வாரம் சாப்பிடாமலும் உயிரோடு இருக்கும், வெயில் கிடைக்காதபோது தன் எலும்பிலிருந்தே கல்சியத்தை உருவி எடுத்துக்கொள்ளும். கடையில் அமைதியாக இருக்கும் குஞ்சு, ஒரு மாதத்துக்கு முன்பே நோயில் விழுந்ததாக இருக்கலாம். சாதுவாக இருக்கிறது என்று நினைத்து அசையாத குஞ்சைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன்.

என்னிடம் கேட்கும் குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்லும் வழி, கடைக்கே போகாமல் இருப்பது. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும், தேடினால் கிளிநொச்சியிலும்கூட, வளர்ந்த சிவப்புக் காது ஆமையை வைத்துக்கொண்டு யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நிற்கும் வீடுகள் இருக்கின்றன. உங்கள் மிருக வைத்தியரிடமும் மீன் கடைக்காரரிடமும் சொல்லி வையுங்கள். வளர்ந்த ஆமைக்குக் குஞ்சின் பலவீனம் இல்லை. எவ்வளவு பெரிது, என்ன சாப்பிடும், கடிக்குமா என்பதெல்லாம் முதல் நாளே தெரியும். பெரும்பாலும் தொட்டியையும் சேர்த்தே தருவார்கள். ஒரு குளமும் தப்பும். பிள்ளைக்குச் சின்னக் குஞ்சுதான் பிடிக்கும் என்பது உண்மை, ஆனால் கையிலிருந்து கங்குன் இலையைப் பிடுங்கித் தின்னும் பெரிய ஆமையை ஒரு வாரம் பார்த்த பிள்ளை குஞ்சைக் கேட்காது.

தொட்டி விஷயத்தில் பேரம் பேசாதீர்கள். ஓட்டின் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சுமார் 40 லீற்றர் தண்ணீர் என்பது கணக்கு. வளர்ந்த ஆமைக்கு 400 லீற்றர் ஆகிறது. யன்னல் கண்ணாடி வழியாக வரும் வெளிச்சம் ஓட்டை உறுதிப்படுத்தாது, அதற்குத் தேவையான புறஊதாக் கதிரைக் கண்ணாடி மறித்துவிடும். இதில் வன்னிக்காரருக்கு அதிர்ஷ்டம். மற்ற நாடுகளில் விலை கொடுத்து விளக்கு வாங்க வேண்டிய வெயில் நம் வளவிலேயே விழுகிறது. பாதி நிழலில் சீமெந்துத் தொட்டி கட்டி, ஏறிக் காய ஒரு கல் வைத்து, காகமும் கீரியும் நாயும் வராதபடி மேலே கம்பிவலை போட்டுப் பூட்டுங்கள். வெள்ளத்தில் அள்ளிப் போகாமலும் அந்த வலை காக்கும். ஆனால் வெள்ளம் வலைக்கு மேலே ஏறினால் உள்ளே இருக்கும் ஆமை மூச்செடுக்க முடியாமல் இறந்துவிடும். மழை வலுக்கும்போதே அதை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள். ஆழமில்லாத பேசினில் வைத்து முழு வெயிலில் விடாதீர்கள், சித்திரை வெயிலில் தண்ணீர் கொதித்து ஆமை செத்துப்போகும். கடையில் சேர்த்துத் தரும் காய்ந்த இறால் மட்டும் உணவாகாது. ஆமைக்கென்று வரும் உருண்டைத் தீனியையும், வளர வளரக் கீரையையும் கொடுங்கள்.

வீட்டில் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையோ, கர்ப்பிணியோ, நோயெதிர்ப்புச் சக்தி குறைந்த முதியவரோ இருந்தால் இப்போது ஆமை வேண்டாம். நல்ல சுகதேகியான ஆமையும் சல்மொனெல்லா கிருமியைச் சுமந்திருக்கும். குழந்தைகளுக்கு அது கடும் வயிற்றோட்டத்தையும், சில வேளை இரத்தத்தில் கிருமி பரவும் நோயையும் தரும். இந்தக் காரணத்துக்காகவே அமெரிக்கா 1975இல் நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதைத் தடை செய்தது. அந்த அளவுக் குஞ்சைத்தான் பிள்ளைகள் வாயில் வைக்கிறார்கள். தொட்டதும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும், தொட்டித் தண்ணீரைக் குசினியில் ஊற்றக்கூடாது. அதேபோல, கிணறு சுத்தமாகும் என்று அதில் ஆமை விடும் பழக்கம் இன்னும் சில வளவுகளில் இருக்கிறது. குடிக்கும் தண்ணீரில் அது கழிவு விடுகிறது, ஏறிக் காயவும் இடமில்லை. தயவு செய்து விடாதீர்கள்.

அப்புறம், அம்மம்மாவிடமும் கேட்டுவிடுங்கள். ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று நம்புகிறவர் வீட்டில் இருந்தால் அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். வீட்டில் நடக்கும் முதல் கெட்ட காரியத்துக்கு ஆமைதான் காரணமாகும், அன்றைக்கே அது குளத்துக்குப் போகும். எல்லாரும் சம்மதித்த பிறகு வாங்குங்கள்.

கொண்டுவரும்போது மீன்போலப் பொலித்தீன் பையில் தண்ணீர் கட்டி எடுக்காதீர்கள். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் ஈரத் துணி விரித்து அதில் வைத்து, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். வெயிலில் நிறுத்திய வானுக்குள் பத்து நிமிடமும் விடவேண்டாம்.

ஏற்கனவே வீட்டில் ஆமை இருந்து அது என்ன இனம் என்று தெரியாவிட்டால், பயப்படாமல் வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு அழைத்து உள்ளதைச் சொல்லுங்கள், அல்லது உங்கள் மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். சிவப்புக் காது ஆமை என்றால் எடுத்து வளர்க்கக்கூடிய வீட்டைத் தேட நாங்களும் உதவலாம். படம் அனுப்புவதானால் ஓட்டின் மேற்பக்கம் ஒன்று, அடிப்பக்கம் ஒன்று, தலையைப் பக்கவாட்டில் ஒன்று என மூன்றாக எடுத்து அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே இனம் தெரிந்துவிடும்.