வாதம் முதுகுக்கு இறங்குவதில்லை

சென்ற வாரம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஓர் அம்மாவை மகன் கைத்தாங்கலாக அழைத்துவந்தார். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். பதினோரு ஆண்டுகளாக முடக்குவாதம். "வாதம் முதுகுக்கு இறங்கிவிட்டது சார், பத்து நாள் கரண்ட் வைத்துவிடுங்கள்" என்றார் மகன். தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கியபோது நடுமுதுகில் சுருக்கென்று பிடித்ததாம். அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. அந்த ஐந்து வாரமும் மருந்துக்கடையில் தாளில் மடித்துக் கொடுத்த மாத்திரைகளிலேயே ஓடியிருக்கிறது. முதுகெலும்பின் மேல் விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் அலறிவிட்டார். வலிக்கு மின்சாரம் வைக்கும் அந்தக் கரண்ட் கருவியைத் தொடாமல் எக்ஸ்ரே எடுக்க அனுப்பினேன். ஒரு முள்ளெலும்பு ஆப்பு போல நசுங்கியிருந்தது. ஐந்து வாரமாக எலும்பு முறிவோடு சமைத்து, துவைத்து, மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார்.

இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாமவர். இதற்கு மேல் எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான் தருமபுரியில் இயன்முறை மருத்துவராக வேலை பார்க்கிறேன். முடக்குவாதம் உள்ளவர்கள் வந்து படுத்ததும் முதலில் சொல்வது "இறங்கிவிட்டது" என்ற சொல்தான். விரலில் இருந்த வாதம் தோளுக்கு ஏறியது, தோளிலிருந்து முதுகுக்கு இறங்கியது, இடுப்பில் தங்கிவிட்டது என்று வழித்தடம் போலச் சொல்வார்கள். முடக்குவாதம் உடலுக்குள் ஊர்ந்து திரியும் வாயு அன்று. மூட்டுகளின் உள்சவ்வை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்குகிற நோய் அது. கை விரல், மணிக்கட்டு, கால் விரல், முழங்கால் ஆகியவைதான் அதற்குப் பிடித்த இடங்கள். முதுகெலும்பில் அது உண்மையாகவே தாக்குவது கழுத்தை, அதிலும் தலையைத் தாங்கும் மேல் இரண்டு எலும்புகளை. நடுமுதுகையும் இடுப்பையும் அது நேரடியாகத் தொடுவது மிக அரிது. ஆகவே முடக்குவாதம் உள்ளவருக்கு இடுப்பு வலித்தால் "வாதம்தானே" என்று முடித்துவிடக் கூடாது. வேறு என்ன என்று தேட வேண்டும். "வாதம்" என்று பெயர் வைத்த அந்த நிமிடத்தில் தேடல் நின்றுவிடுகிறது. எனக்குக் கோபம் வருவது அதனால்தான். தெரிந்த நோய், தெரிந்த நோயாளி, அதே மாத்திரையில் இன்னொன்று. அதோடு சரி.

அந்த மாத்திரையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தாளில் மடித்து வரும் செட் மாத்திரையில் பெரும்பாலும் ஸ்டீராய்டு ஒன்று இருக்கும். 1948இல் அமெரிக்காவில் பிலிப் ஹென்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டை ஊசியாகப் போட்டார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச்சுக்கும் வேறு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அந்த அதிசயம் பொய்யில்லை. "இரண்டே வேளையில் கேட்டது சார்" என்று நீங்கள் சொல்வதும் பொய்யில்லை. மருத்துவர் அளவு பார்த்து, காலம் குறித்துக் கொடுக்கும் ஸ்டீராய்டை நான் குறை சொல்லவே இல்லை. பெயரும் அளவும் தெரியாமல் வருடக்கணக்கில் விழுங்குவதைத்தான் சொல்கிறேன். முகம் உருண்டையாகும். "உடம்பு தேறிவிட்டாள்" என்று சொந்தக்காரர்கள் மகிழ்வார்கள். தோல் மெலிந்து, லேசாக இடித்தாலும் கன்றிப்போகும். சர்க்கரை ஏறும். உள்ளே எலும்பு சத்தமில்லாமல் கரையும். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டை நாளுக்கு 2.5 மில்லிகிராம் என்ற சிறிய அளவில்கூட மூன்று மாதத்துக்கு மேல் சாப்பிட வேண்டியிருந்தால், எலும்பு முறியும் ஆபத்து எவ்வளவு என்று கணக்கிட வேண்டும் என்பது மருத்துவ வழிகாட்டுதல். இங்கே பத்து ஆண்டு சாப்பிட்டவருக்கு ஒருமுறைகூட எலும்பு அடர்த்திச் சோதனை நடந்திருக்காது. கரைந்த எலும்பு ஒரு குடத்தின் கனத்தில், சில சமயம் ஒரு தும்மலில், நசுங்குகிறது. அந்த வலிக்கு மறுபடியும் அதே பொட்டலம்.

இதைப் படித்துவிட்டு மாத்திரையை நாளைக்கே தூக்கி எறிந்துவிடாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன். நெடுநாள் ஸ்டீராய்டு சாப்பிட்டவர் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முடக்குவாதத்துக்கென்றே உள்ள மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளை எழுதிக் கொடுத்திருந்தால் அவற்றையும் விடாதீர்கள். அது வாரம் ஒருமுறை சாப்பிடும் மருந்து. தினமும் சாப்பிட்டு ஆபத்தில் மாட்டியவர்கள் உண்டு.

இனி கழுத்து. எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இதுதான். மேல் இரண்டு எலும்புகளையும் கட்டிவைத்திருக்கும் தசைநார் முடக்குவாதத்தால் தளர்ந்துபோனால், ஓர் எலும்பு நழுவித் தண்டுவடத்தை அழுத்தும். இப்படிப்பட்டவர்கள்தான் முடிவெட்டும் இடத்தில் கழுத்தைத் திருப்பி நெட்டி முறித்துக்கொள்கிறார்கள், சுளுக்கு எடுப்பவரிடம் தலையைக் கொடுக்கிறார்கள். என்னிடமே "கழுத்தில் இழுவை போடுங்கள்" என்று, கருவியால் கழுத்தை இழுத்துவிடும் சிகிச்சையைக் கேட்கிறார்கள். கழுத்தைக் குனிந்தும் நிமிர்ந்தும் எடுத்த எக்ஸ்ரேயைப் பார்க்காமல் முடக்குவாதக்காரரின் கழுத்தில் நான் கை வைப்பதில்லை. கோபித்துக்கொண்டு வேறு இடம் போனவர்கள் உண்டு. போகட்டும். என் துறைச் சகாக்களுக்கும் இதையே சொல்கிறேன்: சீட்டில் 'கழுத்து வலி' என்று மட்டும் எழுதியிருந்தாலும், விரல்களை ஒருமுறை பார்த்துவிட்டு இழுவைக் கருவிப் பக்கம் போங்கள்.

பின்மண்டையில் ஏறும் வலி, குனிந்தால் முதுகில் மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, கை மரத்துப்போவது, சட்டைப் பொத்தான் போட முடியாமல் தடுமாறுவது, நடை தள்ளாடுவது, சிறுநீர் அடக்க முடியாமல் போவது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். எந்த அறுவை சிகிச்சையானாலும் மயக்க மருந்து கொடுப்பவரிடம் "எனக்கு முடக்குவாதம் இருக்கிறது, கழுத்தைப் பாருங்கள்" என்று நீங்களே வாய்விட்டுச் சொல்லுங்கள். மூச்சுக்கான குழாயைத் தொண்டையில் செலுத்த அவர் உங்கள் தலையைப் பின்னால் சாய்ப்பார்.

முதுகும் கழுத்தும் வலிக்க நம் மாவட்டத்துக்கென்று இன்னொரு காரணமும் உண்டு. தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதும், ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டது அதற்காகத்தான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் "குழாய்த் தண்ணீரில் ருசி இல்லை" என்று ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளோரைடு உள்ள நீர் குடிக்கத் தகாது. அதைப் பல ஆண்டுகள் குடித்தால் முதுகும் கழுத்தும் இறுகி, குனியவோ திரும்பவோ முடியாமல் போகும். எக்ஸ்ரேயில் எலும்பு வழக்கத்தைவிட வெண்மையாக, கெட்டியாகத் தெரியும். ஆனால் அந்தக் கெட்டி எலும்பு எளிதில் உடையக்கூடியது. முடக்குவாதமும் இதுவும் ஒருவருக்கே சேர்ந்து இருக்கலாம். காய்ச்சிக் குடித்தால் ஃபுளோரைடு போய்விடும் என்று நினைக்காதீர்கள். நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இரவில் தூங்கவிடாத முதுகுவலியோடு மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து எடுப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. இளவயதில், காலையில் இறுகி, நடக்க நடக்கக் குறையும் முதுகுவலி வேறொரு வாத நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சையும் வேறு.

வீட்டில் உள்ளவர்களுக்கு: குடத்தை அந்த அம்மாவைத் தூக்கவிடாதீர்கள். பாதிப் பாதியாகச் சிறு பாத்திரத்தில் எடுத்தால் ஒன்றும் குறைந்துவிடாது. புளி தட்டும் காலத்தில் நாள் முழுக்கத் தரையில் கூன்போட்டு உட்கார்ந்தால் முதுகு தாங்காது. உயரமான மேசையும் நாற்காலியும் போட்டுக் கொடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்லுங்கள். கைப்பேசியில் பார்த்துவிட்டுக் குனிந்து கால் விரலைத் தொடும் பயிற்சியை எலும்பு கரைந்தவர் செய்யவே கூடாது. முன்பக்கம் வளைவதே முள்ளெலும்பை நசுக்கும். அதற்காக மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பதும் தவறு, எலும்பு இன்னும் வேகமாகக் கரையும். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. நம் களியை விட்டுவிட்டு வெள்ளைச் சோற்றுக்கு மாறியவர்கள் திரும்பி வாருங்கள். ஆனால் கரைந்த எலும்புக்குக் களி மட்டும் மருந்தாகாது. வீட்டை விட்டு வர முடியாதவர்களுக்கு, நம் கிருஷ்ணகிரி மாவட்டச் சாமனப்பள்ளியில் 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வரும். ஊர்ச் செவிலியரிடம் கேளுங்கள்.

யாரிடம் சிகிச்சைக்குப் போனாலும் அந்தப் பொட்டலத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். தீர்ந்துபோயிருந்தால் வெறும் தாளையாவது கொண்டுபோங்கள். எத்தனை ஆண்டு சாப்பிட்டீர்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். என்னிடம் வந்தால் திட்டமாட்டேன்.