தானம் கொடுப்பவருக்குத் தடிமன் இருந்தால் நுரையீரல் பயன்படுமா?

மூளைச்சாவு உறுதியானதும் குடும்பத்தாரிடம் கேட்கப்படும் ஒரு கேள்வி: கடைசி இரண்டு கிழமைக்குள் காய்ச்சல், இருமல், தடிமன் ஏதும் இருந்ததா? சொன்னால் உறுப்பை ஒதுக்கிவிடுவார்களோ என்று பயந்து, "ஒன்னும் இல்லீங்க" என்று சொல்லிவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து மறைக்காதீர்கள். லயத்துக் காம்பிராவில் கூடப் படுத்த பிள்ளைக்குச் சளி இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

மூக்கில் எடுக்கும் மாதிரி மட்டும் நுரையீரலுக்குப் போதாது. 2020இல் அமெரிக்காவின் மிச்சிகனில், மூக்குப் பரிசோதனையில் கொவிட் இல்லை என்று வந்த ஒருவரின் நுரையீரல் பொருத்தப்பட்டது. பெற்றவர் கொவிட் வந்து இறந்தார். சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவருக்கும் தொற்றியது. எடுத்துவைத்திருந்த நுரையீரல் கழுவுநீரைப் பிறகு சோதித்தபோது வைரஸ் அதில் இருந்தது. அதனால்தான் சுவாசக்குழாய்க்குள் கமராக் குழாயை இறக்கி, உப்புநீரை விட்டு உறிஞ்சியெடுத்து, வைரஸைக் கண்டுபிடிக்கும் பிசிஆர் சோதனை செய்கிறார்கள். உறுப்பை எடுப்பதற்கு முன்பே முடிவு கையில் இருக்க வேண்டும். பனிக்கட்டியில் வைத்த நுரையீரல் பொதுவாக ஆறு முதல் எட்டு மணித்தியாலம்தான் தாங்கும்.

முடிவு பொசிட்டிவ் என்றால் எல்லாம் முடிந்தது என்றில்லை. எந்த வைரஸ் என்பதைப் பொறுத்தது. சாதாரணத் தடிமனைத் தரும் ரைனோ வைரஸ் என்றால், எக்ஸ்ரே தெளிவாக இருந்து, நூறு வீத ஒட்சிசனில் இரத்த ஒட்சிசன் அழுத்தம் 300 மி.மீ. பாதரசத்துக்கு மேல் நின்றால், ஏற்றுக்கொள்ளும் நிலையங்கள் உண்டு. இன்புளுவென்சா என்றால் தயக்கம் அதிகம். எடுத்தாலும், பெறுபவருக்கு ஒசெல்டாமிவிர் என்ற இன்புளுவென்சா மருந்தைக் கொடுத்தாக வேண்டும். வழமையான சிகிச்சை அளவு 75 மி.கி. நாளுக்கு இருமுறை, சிறுநீரகம் தளர்ந்திருந்தால் அதைவிடக் குறைவு. கொவிட் தொற்று இன்னும் ஆறாத நுரையீரலைத் தவிர்ப்பதே சரி. ஆனால் நுரையீரல் வேண்டாம் என்றானாலும் சிறுநீரகமும் ஈரலும் பயன்படக்கூடும், ஏனென்றால் இந்த வைரஸ்கள் பெரும்பாலும் சுவாசப் பாதையிலேயே தங்குபவை.

இவ்வளவு கவனம் ஏன்? பொருத்திய நுரையீரலின் நரம்புகள் வெட்டுப்பட்டிருக்கும். தையலுக்குக் கீழே சளி தேங்கினாலும் இருமல் சரியாக வராது. எதிர்ப்புச் சக்தியை மருந்தால் மிகவும் அடக்கி வைத்திருப்பதும் அந்த முதல் கிழமைகளில்தான். உறுப்போடு வரும் வைரஸுக்கு அங்கே தடையே இல்லை. தப்பினாலும், சுவாச வைரஸ் தொற்று பின்னாளில் நாட்பட்ட நிராகரிப்புக்கு, அதாவது பொருத்திய நுரையீரலை உடம்பு மெல்ல மெல்ல ஏற்க மறுப்பதற்கு, வழிவிடலாம். ஆகவே கொடையாளிக்கு இருந்த தொற்றைப் பெறுபவரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும்.

மாற்று நுரையீரலோடு தோட்டத்துக்குத் திரும்பியவர்கள் தினமும் வீட்டில் சிறு கருவியில் ஊதிப் பார்க்கும் மூச்சின் அளவு வழமையைவிடப் பத்து வீதம் குறைந்தால், அல்லது 38 பாகை காய்ச்சல் வந்தால், அன்றைக்கே மாற்றுச் சிகிச்சைக் குழுவுக்கு அழையுங்கள். தோட்ட டிஸ்பென்சரியில் கிளாரித்ரோமைசின் என்ற அன்டிபயோட்டிக் தந்தால் குழுவைக் கேட்காமல் விழுங்க வேண்டாம். அது, நிராகரிப்பைத் தடுக்க நீங்கள் எடுக்கும் டெக்ரோலிமஸ் மருந்தின் அளவை இரத்தத்தில் ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொவிட்டுக்குத் தரும் பெக்ஸ்லோவிட் இன்னும் வேகமாக ஏற்றும்.