லா பூஸின் புதையலும் சரிந்து விழும் குழிகளும்

செஷல்ஸ் நாட்டின் மாஹே தீவில், கடற்கரையோரம் மீண்டும் ஒரு குழி சரிந்திருக்கிறது. இரண்டரை மீட்டர் ஆழத்தில் நின்று தோண்டிக்கொண்டிருந்த சுற்றுலாப் பயணி இடுப்பளவு மணலில் புதைய, மேலே இருந்த நண்பர் பதற்றத்தில் மண்வெட்டியால் தோண்டி அவருடைய முழங்காலைக் கிழித்துவிட்டார். மண் ஆய்வுப் பொறியாளராக அங்கே சென்ற என்னிடம், கட்டுப் போட்ட காலுடன் அவர் முதலில் நீட்டியது லா பூஸின் சங்கேதக் குறிப்பின் நகலைத்தான். லா பூஸ் என்ற கடற்கொள்ளையர் தூக்குமேடையிலிருந்து வீசியதாகவும், அவர் புதைத்த புதையலுக்கு வழிகாட்டுவதாகவும் நம்பப்படும் தாள் அது. நனையாமலிருக்க அதற்குப் பிளாஸ்டிக் உறை வேறு.

அந்தத் தாளைப் பற்றி எத்தனை முறைதான் சொல்வது? லா பூஸ் என்ற பட்டப்பெயர் கொண்ட கடற்கொள்ளையர் ஒலிவியே லெவாசர், 1730 ஜூலை 7 அன்று தூக்கிலிடப்பட்டது உண்மை. ஆனால் அது நடந்தது இங்கிருந்து சுமார் 1,800 கிலோமீட்டர் தெற்கேயுள்ள ரீயூனியன் தீவில். புயலில் சிதைந்து, பீரங்கிகளைக் கடலில் எறிந்துவிட்டு அத்தீவில் ஒதுங்கியிருந்த போர்த்துகீசியக் கப்பலை, கோவாவிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த வைஸ்ராயோடு சேர்த்து 1721-இல் அவரும் கூட்டாளிகளும் பிடித்ததும் உண்மை. தூக்குமேடையிலிருந்து சங்கேதத் தாளைக் கூட்டத்தின்மேல் வீசினார் என்பதற்கு மட்டும் அக்கால ஆவணம் எதுவுமில்லை. அந்தத் தாளிலுள்ள பதினேழு வரிகள் ஒரு பிரெஞ்சு வரலாற்றாசிரியரின் நூலில் அச்சேறியது 1934-இல், அதாவது இருநூறு ஆண்டுகள் கழித்து. அவற்றைப் பெயர்த்துப் படித்தால் ஒரு ஜோடிப் புறா, ஒரு கரண்டித் தேன் என்று பாட்டி வைத்தியக் குறிப்புப் போல ஏதோ வருகிறதே தவிர, தீவின் பெயரோ கரையின் பெயரோ தெளிவாக வரவில்லை. கொள்ளையடித்ததைப் புதைத்து வைக்காமல் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்வதுதான் கடற்கொள்ளையர் வழக்கம் என்பதையும் யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

மாஹேயின் பெல் ஓம்ப்ர் கரைப் பாறைகளில் புதையலுக்கான குறிகள் போலச் செதுக்கல்கள் இருக்கின்றனவே என்பது அடுத்த கேள்வி. அவற்றை நம்பி ரெஜினால்ட் குரூஸ் வில்கின்ஸ் என்ற ஆங்கிலேயர் 1949-இல் தொடங்கி, 1977-இல் இறக்கும்வரை தேடினார். அவருக்குப் பின் மகனும் தேடினார். புதையல் கிடைக்கவில்லை. ஆனாலும் அவர்கள் கடல்நீரைத் தடுக்கச் சுவர் எழுப்பி, பம்பு வைத்து நீரை இறைத்த பிறகே தோண்டினார்கள் என்பதைத் தொழில்முறையில் மதிக்கிறேன்.

முழங்காலுக்கு மேல் ஆழமாகக் கடற்கரையில் குழி தோண்டாதீர்கள். காலையில் செங்குத்தாக நிற்கும் ஈர மணல் மதியத்துக்குள் உலர்ந்து உதிரும். கருங்கற்பாறையின் அடியைப் பறிக்கவே கூடாது. யாரேனும் புதைந்தால் விளிம்பில் கூட்டம் கூடாமல் விலக்கி, உதவிக்கு ஆள் அனுப்பிவிட்டு, உடலருகே கைகளால் மட்டும் மணலை அள்ளுங்கள். தோண்டிய குழியைத் தயவுசெய்து மூடிவிட்டுப் போங்கள். முட்டையிட வரும் கடலாமைகளும் விளையாட வரும் குழந்தைகளும் அதில் விழுகின்றன.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்ட அந்த மனிதர், அடுத்த முறை பலகை வைத்து முட்டுக்கொடுத்தால் போதுமா என்று விசாரித்தார். அடியில் நீர் ஊறும் மணலில் அது போதாது.