சவ்வுக்கு எதற்கு முத்திரை?

மின்காயம் பற்றிய மொழிபெயர்ப்பு ஒன்றைப் பிழை திருத்தக் கொடுத்தார்கள். ஓட்டை விழுந்த சவ்வு மறுபடி மூடிக்கொள்வதை ஆங்கிலத்தில் ‘ரீசீலிங்’ என்பார்கள். அதற்கு ‘செல் சவ்வின் மறுமுத்திரையிடல்’ என்று ஆறு இடத்தில் இருந்தது. இதே சொல்லை ஏற்கெனவே இரண்டு மேடைகளில் கேட்டுப் பல்லைக் கடித்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். அறுந்து கிடந்த கம்பியை வயலில் மிதித்தவருக்குச் சூடு மட்டுமா கெடுதல் செய்கிறது? செல்லைச் சுற்றிய சவ்வு ஏறத்தாழ 5 நானோமீட்டர் தடிமன்தான். அதன் இரு பக்கங்களுக்கும் இடையில் வழக்கமாக இருக்கும் மின்னழுத்தம் 0.1 வோல்ட்டுக்கும் குறைவு. வெளி மின்சாரம் அதைப் பல மடங்கு ஏற்றிவிட்டால் சவ்வில் நுண்துளைகள் விழும். நீளமான தசை, நரம்புச் செல்களுக்கு அடி அதிகம். துளை வழியே கால்சியம் உள்ளே பாயும். உள்ளே இருப்பதைவிட வெளியே அது சுமார் 10,000 மடங்கு. அந்தப் பாய்ச்சலே ஆள் கூப்பிடும் சத்தம். செல்லுக்குள் இருக்கும் லைசோசோம் போன்ற சிறு பைகள் விளிம்புக்கு வந்து சவ்வோடு கலக்கும், அனெக்சின் புரதங்கள் ஓட்டை வாயில் குவியும். சின்ன ஓட்டை என்றால் சில நொடியிலோ நிமிடத்திலோ மூடிவிடும். பெரிதென்றால் அதே கால்சியம் செல்லைக் கொன்றுவிடும். பொலாக்சமர் 188 என்ற பொருளை வெளியிலிருந்து கொடுத்தும் மூட உதவலாம் என்று 1992இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ரஃபேல் லீயின் குழு காட்டியது.

இதில் முத்திரை எங்கே வந்தது? ஆங்கில ‘சீல்’ லத்தீன் சிகில்லத்திலிருந்து வந்தது. சிறு உருவம், அடையாளம் என்று பொருள். அடையாளம் பதித்த மெழுகே கடிதத்தை மூடவும் செய்ததால் மூடுவதற்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. சரி, அது அவர்கள் பாடு. தமிழில் முத்திரை குத்தும், மூடாது. மன்னார்குடிப் பக்கத்து பம்பு செட் மெக்கானிக் ஆயில் சீல் போனால் ‘முத்திரை போச்சு’ என்பாரா? சீல் என்றே சொல்வார், தண்ணீர் கசியாமல் இருக்க என்பதும் அவருக்குத் தெரியும். அகராதியில் முதல் பொருளை மட்டும் பார்த்துவிட்டு எழுந்துபோகிற மொழிபெயர்ப்பாளருக்குத்தான் தெரியவில்லை.

‘மீள்மூடல்’ பரவாயில்லை, ஆனால் உயிரில்லை. காவிரியின் கிளையான வெண்ணாற்றங்கரையில் இதற்குச் சொல் தயாராகவே இருக்கிறது. கரை உடைப்பெடுத்தால் மூங்கில் தறி அடித்து, வைக்கோலும் மணல் மூட்டையும் போட்டு, ‘உடைப்பை அடைச்சாச்சு’ என்பார்கள். செல்லிலும் மூட்டைகள்தானே வந்து அடைக்கின்றன? வெறும் ‘அடைப்பு’ என்றால் மாரடைப்பும் சாக்கடையும் நினைவுக்கு வரும். ஆகவே ‘சவ்வு உடைப்பு அடைத்தல்’. ‘உடைப்படைப்பு’ என்று சேர்த்தால் நடுவில் ‘படைப்பு’ தலையை நீட்டுகிறது, பிரித்தே எழுதலாம்.

திருத்தி அனுப்பினேன். ‘உடைப்பு என்றால் ஆறு ஞாபகம் வருகிறதே’ என்று பதில் வந்தது. வரட்டுமே.